லயக் காம்பராவுக்குள் ஒரு நூலகம்

நூலகத்துக்குத் தனியறை வேண்டும் என்ற எண்ணமே பலரைப் புத்தகம் சேர்க்கவிடாமல் தடுக்கிறது. மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டை, எல்கடுவ போன்ற இடங்களின் பழைய தோட்ட லயங்களில் ஒரு காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. உண்பதும் உறங்குவதும் பிள்ளைகள் பாடம் படிப்பதும் அதற்குள்ளேதான். அங்கே வாழ்பவரிடம் பழங்கால மடக்குத் தளபாடங்களைப் பற்றிப் பேசினால், பணக்காரரின் பொழுதுபோக்கை ஏழையின் தலையில் கட்ட வந்ததாகத் தோன்றும். ஆனாலும் பேசவேண்டும் என்றே நினைக்கிறேன். ஒரே மரச்சாமானை இரண்டு வேலைக்கு மாற்றிக்கொள்ளும் தச்சுமுறை, இடம் போதாத வாழ்க்கைக்குத்தான் அதிகம் பயன்படும். பெரிய வீட்டு வரவேற்பறையில் அது காட்சிப்பொருளாக நிற்பது பிற்காலத்து வழக்கம்.

இதை மறுப்பவர்கள் இங்கிலாந்தைக் காட்டலாம். 1811இல் லண்டனில் அக்கர்மன் வெளியிட்ட மாத இதழில், மோர்கன் அண்ட் சாண்டர்ஸ் என்ற தளபாடக் கடையின் நூலகக் கதிரை ஒன்று படத்துடன் வந்தது. பார்வைக்குக் கைப்பிடி வைத்த சாதாரணக் கதிரை. இருக்கையின் முன்விளிம்பில் கீல் இருக்கும். முதுகுப்பக்கத்தைத் தூக்கி முன்னால் கவிழ்த்தால், உள்ளே அடங்கியிருந்த படிகள் வெளிப்பட்டு முழுக்கதிரையும் சிறு ஏணியாகிவிடும். பெஞ்சமின் பிராங்க்ளினிடமும் இருக்கைக்கு அடியில் படிகள் மடங்கிய கதிரை இருந்தது. உயரமான தட்டுகள் நிறையப் புத்தகம் வைத்திருந்தவர்களுக்கான ஏற்பாடு இது, மறுக்கவில்லை. ஆனால் அதே லண்டன் கடை, கப்பலறைக்கும் இராணுவக் கூடாரத்துக்கும் எடுத்துச்செல்ல மடக்குக் கட்டில்களையும் மேசைகளையும் செய்து விற்றுப் பெயர் வாங்கியது. இட நெருக்கடிக்கு வேலை செய்து பழகிய பட்டறைதான் சீமானின் கதிரைக்கும் கீல் பூட்டியது. நம் மலைநாட்டுப் பங்களா விறாந்தைகளில் கிடந்த சாய்மனைக் கதிரையும் இந்த வகையில் சேரும். கைப்பிடிக்கு அடியிலுள்ள பலகையை முன்னால் சுழற்றினால் கால் நீட்ட இடமாகும். உள்ளே தள்ளினால் கதிரை சுருங்கிக்கொள்ளும்.

துரைமாரின் கதிரையை விட்டுவிட்டு நம் பக்கத்துக்கு வந்தால் சான்று இன்னும் வலுவாகிறது. மாத்தளை நகருக்கு வடக்கே உள்ள அலுவிகாரையில்தான் கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டதென்பது மரபு. அங்கிருந்த ஏட்டுச் சேகரிப்பு ஆங்கிலேயருக்கு எதிரான 1848 கிளர்ச்சி அடக்கப்பட்டபோது அழிந்தது. ஏட்டுச்சுவடிக்கு மேலும் கீழும் இரண்டு சட்டம், நடுவே ஒரு கயிறு. அது கேட்கும் இடம் ஒரு பாயின் அகலம். தமிழ் வீடுகளில் ஏடு படிக்க வைத்திருந்த சிக்குப்பலகையை நான் இந்தத் தச்சின் உச்சம் என்பேன். ஆணியோ பசையோ இல்லாமல், ஒற்றைப் பலகையின் தடிப்பை இரண்டாகப் பிளந்து, நடுவில் மட்டும் கணுக்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி செதுக்கி விடுவார்கள். விரித்தால் புத்தகம் தாங்கும். மடித்தால் சுவரோரம் சாத்திவைக்கும் பலகை. குர்ஆன் வைத்து ஓதும் மடக்குப் பலகையும் இதே வேலைப்பாடுதான். இதனுடன் கணக்குப்பிள்ளைப் பெட்டியையும் சேர்க்கவேண்டும். தரையில் வைக்கும் அந்தப் பெட்டியின் சரிந்த மூடியில் எழுதலாம், திறந்தால் உள்ளே ஏடும் தாளும் எழுதுகோலும் இருக்கும். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அவை இன்றும் விலைக்கு வருகின்றன. பெட்டியை மூடி, பலகையை மடித்து, பாயைச் சுருட்டினால் காம்பரா மறுபடி படுக்கையறை.

இரண்டு வேலை செய்யும் சாமான் ஒன்றையும் உருப்படியாகச் செய்யாது என்பார்கள். ஓரளவு உண்மை. நாள் முழுக்க எழுதுபவருக்குக் கணக்குப்பிள்ளைப் பெட்டி இடுப்புவலியைத்தான் தரும். ஆனால் இரவில் ஒரு மணி நேரம் படிக்கும் பிள்ளைக்கு, எங்கே படிப்பது என்ற கேள்விக்கு அது போதுமான விடை. மலிவான மடக்கு மேசை கடையில் கிடைக்கிறதே என்பது அடுத்த வாதம். மரத்தூள் பலகையில் செய்தது மாத்தளை ஈரத்தில் ஊதிவிட்டால் அதைத் திருத்த வழியில்லை. பலாவிலோ முதிரையிலோ செய்ததை ஊர்த் தச்சரே பிரித்துப் பூட்டுவார். அசல் பழம்பொருளின் விலை எட்டாது என்றால், அதே அளவில் புதிதாகச் செய்யச் சொல்லலாம். அதில் குறைவொன்றும் இல்லை, பழையது என்று சொல்லி விற்காதவரை. கைவினைக் கலைஞர் எனா டி சில்வா அலுவிகாரையில் வளர்த்த பட்டறைகளில் பற்றிக்குடன் தச்சும் இருந்தது. ஹபுவித கிராமத்தார் சூடான அரக்கை இழையாக இழுத்து நகத்தால் கிள்ளி ஒட்டும் வேலையை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியான நூலிலேயே பதிவுசெய்தார். கைத்திறனுக்கு இந்த மாவட்டம் வெளியே போகவேண்டியதில்லை.

பழம்பொருளைத் தொடவே கூடாது என்பவர்களுக்கும் பதில் உண்டு. மெய்யான தொல்பொருளுக்கு 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. அப்படிப்பட்ட அரியதை நூதனசாலைக்கு விட்டுவிடலாம். பாட்டன் காலத்துப் பெட்டியோ பலகையோ அந்த வகை அல்ல; அதை ஆளவேண்டும், ஆனால் அறிந்து ஆளவேண்டும். வாங்குமுன் பத்துத் தடவை விரித்து மடக்கிப் பாருங்கள். கை படும் இடமும் உரசும் இடமும் மட்டும் தேய்ந்திருந்தால் நம்பலாம், எல்லாப் பக்கமும் ஒரேபோல் தேய்ந்திருந்தால் அந்தப் பழமை பட்டறையில் பூசியது. மழைக்காலத்தில் இலாச்சியோ கீலோ இறுகிக்கொண்டால் உடனே சீவிவிடுகிறார்கள். இதைத்தான் செய்யக்கூடாது. மரம் ஈரத்தில் அகலவாக்கில் ஊதும், வெயில் காலத்தில் தானே இளகும். அப்போது சீவிய மூட்டு ஆடத் தொடங்கி, சில ஆண்டுகளில் முறியும். உரசும் இடத்தில் கொஞ்சம் மெழுகு தேய்த்துக் காத்திருந்தால் போதும்.