உதவி மட்டும் போதாது, இடமும் வேண்டும்

லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் ஒருமுறை தரையைக் கவனித்தபடி நடந்து பாருங்கள். பல இடங்களில் ஒரு கடைவாசலைத் தாண்டி அடுத்ததற்குப் போவதற்குள் தரை ஏறும், இறங்கும். நமக்கு அது வெறும் ஒரு படி. சக்கர நாற்காலியில் வரும் நண்பருக்கோ பயணம் அங்கேயே நின்றுவிடும்.

பெருவிரைவு ரயில் நிலையங்களில் மின்தூக்கி வந்துவிட்டது. பேருந்துகளிலும் சக்கர நாற்காலியுடன் ஏறலாம். ஆனால் வெளியே வந்தபின் எங்கே போவது, யாருடன் போவது? உடற்குறையுள்ள இளையர் பலருக்கு இதுவே பெரிய கேள்வி.

பெரும்பாலான சிறப்புப் பள்ளிகளில் 18 வயதோடு படிப்பு முடிகிறது. அன்றாடம் பார்த்த ஆசிரியர்களும் நண்பர்களும் ஒரே நாளில் விலகிப்போகிறார்கள். அந்த இடைவெளியை நிரப்ப முதலில் தேவை தொழில்திறன். ஏபிஎஸ்என் டெல்டா சீனியர் பள்ளி, மெத்தா பள்ளி போன்றவற்றில் மாணவர்கள் உணவு, பானச் சேவை போன்ற தொழில்களைக் கற்றுத் தொழில்திறன் சான்றிதழ் பெறுகிறார்கள். பயிற்சிக்கும் வேலைக்கும் கைகொடுக்க எஸ்ஜி எனேபல் அமைப்பு 2013ல் தொடங்கப்பட்டது. உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் 2030க்குள் வேலையில் இருக்க வேண்டும் என்பது நாட்டின் இலக்கு.

திறனோடு உறவுகளும் வளர வேண்டும். லெங்கோக் பாருவில் 2015ல் திறக்கப்பட்ட ‘எனேபலிங் வில்லேஜ்’ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய தொழிற்பயிற்சிக் கழகக் கட்டடத்தைப் புதுப்பித்து உருவாக்கிய வளாகம் அது. பயிற்சி நிலையத்தோடு பேரங்காடி, உடற்பயிற்சிக்கூடம், பாலர் பள்ளி ஆகியவையும் அங்கே உண்டு. அக்கம்பக்கத்தாரும் காய்கறி வாங்க வருவதால் அது ஒதுக்கி வைத்த இடமாக இல்லாமல் ஊரின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

இந்தச் சிந்தனைக்கு சிங்கப்பூரில் ஒரு வரலாறும் உண்டு. 1980ல் கனடாவின் வின்னிபெக் நகரில் மறுவாழ்வுத் துறையின் அனைத்துலக மாநாடு நடந்தது. ஒவ்வொரு நாட்டின் பேராளர்களிலும் பாதிப் பேர் உடற்குறையுள்ளோராக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை அங்கு எழுந்தது. மாநாடு அதை ஏற்கவில்லை. கோரியவர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்க முடிவெடுத்து, அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் முதல் உலக மாநாட்டைக் கூட்டினார்கள். அங்கு பிறந்த உடற்குறையுள்ளோர் அனைத்துலக அமைப்பின் முதல் தலைவர் பார்வையற்ற சிங்கப்பூரரான ரான் சந்திரன்-டட்லி. 1986ல் உருவான சிங்கப்பூர் உடற்குறையுள்ளோர் சங்கத்தை நிறுவியதிலும் அவருக்கு முக்கியப் பங்குண்டு.

அவர்கள் இரக்கம் கேட்கவில்லை. தங்களைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் தங்களுக்கும் நாற்காலி வேண்டும் என்றார்கள்.

நம் வகுப்பறையிலும் அந்த மேசை இருக்கிறது. குழுப் பணியில் உடற்குறையுள்ள சக மாணவருக்கு எளிதான வேலையாகப் பார்த்து ஒதுக்குவது நல்லெண்ணமாகத் தோன்றலாம். ஆனால் கற்றுக்கொள்ளும் வாய்ப்பை அது அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. “உனக்கு எந்தப் பகுதி பிடிக்கும்?” என்று அவரையே கேளுங்கள். திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் பயன்படுத்துபவருக்குப் படைப்புகளை முன்கூட்டியே அனுப்புங்கள். காதுகேளாதவரிடம் முகம் பார்த்துப் பேசுங்கள். சக்கர நாற்காலியை அனுமதி கேட்காமல் தள்ளாதீர்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரிகள், தொழில்நுட்பக் கல்விக் கழகம், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கான ஆதரவுப் பிரிவுகள் உள்ளன. தொண்டூழியம் செய்ய விரும்புவோர் அங்கே தொடங்கலாம். ஆண்டில் ஒருநாள் நிகழ்ச்சிக்குப் போய்ப் படமெடுத்துத் திரும்புவதைவிட, வாரம் ஒரு மணி நேரம் ஒரே நண்பரோடு செலவிடுவது மேல்.

அடுத்த முறை தேக்காவில் தோசை சாப்பிடத் திட்டமிடும்போது அவரையும் அழையுங்கள். எந்த வழியாகப் போவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.