மாமாவுக்குக் காது நல்லாத்தான் கேட்டுது!

தோழிகளே, எங்க வீட்டு மாருதி 800 வண்டியால் எனக்குக் கிடைத்த சூடு ஒன்றைச் சொல்கிறேன். சிரித்தாலும் சரி, திட்டினாலும் சரி.

2008 மாடல். அந்த 800 வருவதே 2014-லோடு நின்று போச்சு. நாங்கள் இரண்டாம் கையாக வாங்கினது. 2019-ல் அத்திவரதர் தரிசனத்துக்கு ஊர் ஊராய் வந்த சொந்தக்காரர்களை எல்லாம் இதில்தான் ஏற்றி இறக்கினோம். பட்டுப் புடவையைக் கொண்டுபோய்க் கொடுப்பது, பாவு வாங்கி வருவது, கல்யாணம், காதுகுத்து எல்லாத்துக்கும் இதுதான். அதில் மாமனாருக்குப் பிடித்தது பாட்டு. பின்சீட்டில் ஓரமாய்ச் சாய்ந்துகொண்டு பழைய பாட்டு கேட்டபடி வருவார். எழுபத்திரண்டு வயசு. அம்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவர். வேற ஆசையும் இல்லை, செலவும் இல்லை.

போன வருஷம் ஒருநாள் "பாட்டு கரகரன்னு கேக்குதும்மா"ன்னார். என்னவர் வால்யூமைக் கூட்டினார். "இன்னும் மோசமா கேக்குதுப்பா"ன்னார். இன்னும் கூட்டினார். கடைசியில் பெரியவரே, "தறிச் சத்தத்துலயே காது போச்சு, விடு"ன்னு முடித்துவிட்டார். அவ்வளவுதான், நாங்களும் மாமாவுக்குக் காது மந்தம் என்று தீர்மானித்துவிட்டோம். அன்றையிலிருந்து வீட்டில் அவரிடம் எல்லாரும் கத்தித்தான் பேசுவோம். காது மெஷின் விசாரித்தால் பதினெட்டாயிரம் என்றார்கள்.

அப்புறம் அவர் வண்டியில் வருவதையே நிறுத்திவிட்டார். கூப்பிட்டால், "நீங்க போய்ட்டு வாங்க, தறியில வேலை இருக்கு" என்பார். மெஷின் பேச்சை எடுத்தாலும் "வேணாம்"ன்னு ஒரே வார்த்தை. வயசானா பிடிவாதம் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன தை மாசம் வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணம். முன்சீட்டில் நாத்தனார் உட்கார்ந்துகொண்டாள். நான் பிள்ளைகளோடு பின்னால். பாட்டைப் போட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! கிழிந்த முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. அந்த வண்டிக்கு ஸ்பீக்கர் இரண்டும் பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பலகையில்தான். நான் எப்பவும் முன்சீட்டு. என்னவர் வண்டி ஓட்டுகிற கவனத்தில் இருப்பார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காய் வந்தவர் மாமா ஒருத்தர்தான். அவர் சொன்னது அப்படியே சரி!

யோசித்துப் பார்த்தால் எனக்கு முன்னாடியே உறைத்திருக்கணும். தறியில் ஒரு இழை அறுந்தால் அடுத்த ரூமிலிருந்தே சத்தத்தை வைத்துச் சொல்கிற மனுஷர் அவர். அவருக்கா காது மந்தம்?

மறுநாள் என்னவர் கார் சாமான் விற்கிற ஒரு கடைக்கு வண்டியை எடுத்துப் போனார். ஸ்டீரியோ, ஸ்பீக்கர், ஒயர் எல்லாத்தையும் மாத்தணும், ஒன்பதாயிரம் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதாயிரத்துக்கு நாங்க எத்தனை நாள் நாடா தள்ளணும்! ஒன்பதாவது படிக்கிற என் பெரியவன், "அம்மா, நாமளே கழட்டிப் பார்க்கலாம்"ன்னான். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனாலும் தார் சுற்றுகிற ராட்டினம் கெட்டுப்போனால் நான்தான் ரிப்பேர் பண்ணுவேன். அந்தத் தைரியத்தில் இறங்கிவிட்டேன்.

முதலில் பானெட்டைத் திறந்து, பேட்டரியில் மைனஸ் ஒயரைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி வைத்தோம். இதை மட்டும் யாரும் மறக்காதீங்க. பிறகு ஸ்பீக்கர் மேலிருந்த கம்பி வலையை எடுத்தால், உள்ளே பார்க்கவே பாவமாய் இருந்தது. நடுவில் பேப்பர் கூம்பு, அதைச் சுற்றி ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு விளிம்பு. தொட்டதும் அந்த விளிம்பு பழைய ரஸ்க் மாதிரி பொடிப்பொடியாய் உதிர்ந்தது. எங்க வண்டிக்கு ஷெட் கிடையாது. இத்தனை வருஷ வெயில் பின்கண்ணாடி வழியாய் நேரே அது மேலதான் விழுந்திருக்கிறது.

ஒன்றைக் கழற்றிக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்தில் மைக்செட் வைத்திருக்கிற ஒரு அண்ணனிடம் போனோம். திருவிழா, கல்யாணத்துக்கெல்லாம் ஸ்பீக்கர் கட்டுகிறவர். பொறுமையாய் விளக்கினார். கூம்புக்கு அடியில், தார்க்குச்சியில் நூல் சுற்றின மாதிரி மெல்லிசு செம்புக்கம்பி சுற்றியிருக்கு. அதைச் சுற்றி வட்டமாய்க் காந்தம். பாட்டு கரண்டாகக் கம்பியில் ஓடும்போது காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ளுகிறது. கூம்பும் கூடவே ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. அதுதான் நமக்குக் கேட்கிற சத்தம். விளிம்புதான் கூம்பை நடுவில் பிடித்து நிறுத்துவது. அது போய்விட்டால் கம்பிச்சுருள் சாய்ந்து காந்தத்தில் உரசும். "கூம்பை நாலு விரலால சமமா அழுத்திப் பாருங்க"ன்னார். அழுத்தினால் உள்ளே சரக் சரக். விளிம்பு மட்டும் போயிருந்தால் முந்நூறு நானூறில் ஒட்டிக் கொடுத்துவிடலாமாம். சுருளே உரசித் தேய்ந்ததால் புதுசுதான் வழி. மாற்றினால் ஜோடியாக மாற்றணும், ஒன்று புதுசு ஒன்று பழசு என்று போட்டால் சத்தம் ஒத்து வராது என்றும் சொன்னார்.

பையன் "400 வாட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்ட டப்பாவைப் பார்த்து மயங்கிவிட்டான். அந்த அண்ணன் டப்பாவைத் திருப்பிக் காட்டினார். மூலையில் எறும்பு மாதிரி எழுத்தில் ஆர்.எம்.எஸ். 50 என்று இருக்கிறது! பெரிய எண் ஒரு நொடி தாங்குகிற உச்சமாம், தொடர்ந்து தாங்குவது சின்ன எண்தானாம். நம்ம சாதாரண ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்கு இருபது வாட்ஸ் கொடுத்தாலே அதிகம். காருக்குப் பெரும்பாலும் நாலு ஓம் ஸ்பீக்கர்தான். வீட்டு மியூசிக் சிஸ்டத்தில் இருக்கிற எட்டு ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் சத்தம் குறையும், நாலுக்கும் கீழே போட்டால் ஸ்டீரியோ சூடாகிக் கெட்டுப்போகும். முட்டை வடிவத்தில் ஆறுக்கு ஒன்பது இஞ்ச், அதே அளவு ஜோடி ஒன்று 1,900 ரூபாய்க்கு வாங்கினோம். டிக்கியில் புடவை மூட்டை காந்தத்தை இடிக்காமல் இருக்குமா என்று அடிப்பக்கத்தையும் டேப் வைத்து அளந்துகொண்டேன்.

மாட்டும்போதுதான் கோட்டை விட்டேன். கழற்றுவதற்கு முன் பிளஸ் ஒயரில் அடையாளமாய்ச் சிவப்புப் பட்டு நூலைக் கட்டியிருந்தேன். ஒரு பக்கம் சரி. இன்னொரு பக்கம் டிக்கி மூட்டை இடித்து ஏற்கெனவே ஒயர் கழன்று கிடந்தது. குத்துமதிப்பாய் மாட்டினேன். பாட்டு வந்தது, கரகரப்பும் இல்லை. ஆனால் தவில் சத்தத்தையே காணோம்! சாம்பாரில் உப்பு இல்லாத மாதிரி. திரும்ப மைக்செட் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஒண்ணுல பிளஸ்ஸு மைனஸ்ஸு மாறியிருக்கும்மா. ஒரு கூம்பு முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்கும். கனமான சத்தம் ஒண்ணை ஒண்ணு தின்னுடும்"ன்னார். டார்ச் லைட் செல் ஒன்றை எடுத்து, முன்னால் ஸ்டீரியோவிலிருந்து பின்னால் போகிற ஒயர் ஜோடியைக் கழற்றி, பிளஸ்ஸுக்கு பிளஸ் வைத்து லேசாய்த் தொடச் சொன்னார். பையன் தொட, நான் பின்னால் பார்த்தேன். ஒரு கூம்பு டபக்கென்று வெளியே எம்பியது, இன்னொன்று உள்ளே போனது. உள்ளே போனதில் ஒயரை மாற்றிப் போட்டேன். ஸ்பீக்கரிலேயே அகலமான தகடு பிளஸ், ஒல்லியானது மைனஸ் என்று இருக்கிறது.

சாயங்காலம் மாமாவை வலுக்கட்டாயமாய்க் கூப்பிட்டுப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். பழைய நாதஸ்வரம் ஒன்று போட்டான் பையன். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். எனக்கு அப்படி ஒரு பெருமை. "மாமா, உங்களுக்குக் காது நல்லாத்தான் இருக்கு. ஸ்பீக்கர்தான் போயிருந்தது!" என்று பழக்கத்தில் கத்தியே சொன்னேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எனக்குத் தெரியும்மா. இந்த வயசுல பதினெட்டாயிரம் போட்டு மெஷின் தேவையான்னு முன்சீட்டுல நீ கேட்டியே, அதுவும் நல்லாத்தான் கேட்டுது."

எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. என்னவர் கண்ணாடி வழியாய் என்னைப் பார்க்கிறார், நான் ஜன்னலைப் பார்க்கிறேன். சொன்னேன்தான். பெரியவனுக்கு டியூஷன் பீஸ் கட்டணுமே என்ற எரிச்சலில், அவருக்குத்தான் கேட்காதே என்ற தைரியத்தில் சொன்னேன். அந்த வாரத்திலிருந்துதான் அவர் வண்டியில் ஏறுவதை நிறுத்தியிருக்கிறார். தறி வேலைக்காக இல்லை.

வீட்டுக்கு வந்து, காப்பி கலந்து எடுத்துக்கொண்டு தறிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "மன்னிச்சுக்குங்க மாமா"ன்னேன். மெதுவாய்த்தான் சொன்னேன். "சர்க்கரை போட்டியா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வேறு ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடுவதற்கு முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். போகிற வழியில், "சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பா"ன்னும் சொன்னார்.

பழைய ஸ்பீக்கரின் காந்தம் இரண்டையும் தூக்கிப் போடவில்லை. தறிக்குழியில் விழுகிற ஊசியைப் பொறுக்க அதைவிட வசதி வேறில்லை.

— ஒரு வாசகி, ஏனாத்தூர்.