480 ஆண்டு பழைய மூலிகைப் புத்தகத்தில் ஒரு தாள் மட்டும் வாங்கலாமா? சேகரிப்பாளர்கள் தயங்குவது ஏன்?

பழைய ஐரோப்பியப் புத்தகங்களை விற்கும் இணையதளங்களில், செடி கொடி படம் போட்ட பழுப்பேறிய தாள்கள் தனித்தனியாக விற்பனைக்கு வருகின்றன. '16-ம் நூற்றாண்டு, அசல், ஃபிரேம் போட ஏற்றது' என்ற பாணியில் குறிப்பும் இருக்கும். சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கும் தாள்களும் உண்டு. வரவேற்பறைச் சுவரில் மாட்டினால் அழகாகத்தான் இருக்கும்.

ஆனால், அந்தத் தாள் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஒரு முழுப் புத்தகத்தைப் பிரித்து எடுத்தது அது.

அச்சுக்கலை பிறந்து முதல் 150 ஆண்டுகளில் வெளிவந்த மூலிகை நூல்களை இன்று உலகம் முழுவதும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். அவற்றில் அப்படி என்ன இருக்கிறது, வாங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும், தாள் தாளாகப் பிரிப்பதில் என்ன பிரச்னை? விரிவாகப் பார்க்கலாம்.

மூலிகை நூல் என்றால் என்ன?

ஒரு செடியின் பெயர், அதன் தோற்றம், எங்கே வளரும், எந்த நோய்க்கு மருந்தாகும் என்று வரிசையாகச் சொல்லும் புத்தகம் இது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், குட்டன்பர்க்கிடம் வேலை பார்த்த பீட்டர் ஷோஃபர் 1484-ல் லத்தீனிலும் 1485-ல் ஜெர்மன் மொழியிலும் படங்களுடன் மூலிகை நூல்களை அச்சிட்டார்.

ஆரம்பகாலப் படங்களில் ஒரு சிக்கல் இருந்தது. பல படங்கள் செடியை நேரில் பார்த்து வரைந்தவை அல்ல, பழைய ஏட்டுப் படங்களைப் பார்த்துப் பிரதி எடுத்தவை. பிரதியைப் பார்த்து இன்னொரு பிரதி என்று போனதில், எந்தச் செடி என்றே அடையாளம் தெரியாத அளவுக்குச் சில படங்கள் மாறிப்போயின. மருந்துக்குச் செடி பறிக்கும் இடத்தில் இது விளையாட்டான விஷயம் இல்லை.

1530-ல் என்ன மாறியது?

அந்த ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓட்டோ பிரன்ஃபெல்ஸ் எழுதிய நூல் வெளிவரத் தொடங்கியது. அதற்குப் படம் வரைந்த ஹான்ஸ் வைடிட்ஸ், செடியை முன்னால் வைத்துக்கொண்டு வரைந்தார். வாடிய இலை வாடியபடியே, ஒடிந்த தண்டு ஒடிந்தபடியே படத்தில் வந்தது.

1542-ல் மருத்துவப் பேராசிரியர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ், பாசெல் நகரில் 500-க்கும் மேற்பட்ட படங்களுடன் தன் நூலை வெளியிட்டார். அதில் ஒரு அபூர்வம் உண்டு. படம் வரைந்தவர், அதை மரத்துக்கு மாற்றியவர், மரத்தைச் செதுக்கியவர் என மூன்று பேரின் உருவப் படங்களும் பெயர்களும் நூலிலேயே அச்சாகியிருக்கின்றன. உழைத்த கலைஞர்களின் பெயர்கூடத் தெரியாமல் போவது சாதாரணமாக இருந்த காலம் அது.

மரத்தில் செதுக்கி அச்சடிப்பது எப்படி?

பேரிக்காய் மரம் போன்ற நெருக்கமான கட்டையில் படம் வரைவார்கள். கோடுகளை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியுள்ள மரத்தைச் செதுக்கி எடுத்துவிடுவார்கள். மேடாக நிற்கும் கோட்டில் மை தடவி அழுத்தினால் படம் விழும். கட்டையின் உயரமும் ஈய எழுத்தின் உயரமும் ஒன்று என்பதால், படத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் சேர்த்து ஒரே அழுத்தில் அச்சடிக்கலாம்.

கேரளச் செடிகளைப் பற்றி 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' இந்த வகை இல்லை. அதன் படங்கள் செப்புத் தகட்டில் கீறி அச்சடிக்கப்பட்டவை.

கட்டை செய்யச் செலவு அதிகம். அதனால் ஒரே கட்டைகளை வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் பலர் பயன்படுத்தினார்கள். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் உள்ள பிளான்டின்-மொரேட்டஸ் அருங்காட்சியகத்தில், செடிப் படக் கட்டைகள் மட்டும் மூவாயிரத்துக்கும் மேல் இன்றும் உள்ளன.

மிளகாய்க்கு 'கோழிக்கோடு' பெயர் வந்த கதை

ஃபூக்ஸின் நூலில் மிளகாய்ச் செடி இருக்கிறது. அதற்கு அவர் கொடுத்த பெயர்களில் ஒன்று 'கோழிக்கோட்டு மிளகு'. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த மிளகாய், இந்தியாவில் இருந்து வந்ததாக அன்றைய ஐரோப்பா நம்பியது. மக்காச்சோளத்தை 'துருக்கி தானியம்' என்றார்கள். எந்தப் பயிர் எந்த வழியாகப் போனது, மக்கள் அதை எங்கிருந்து வந்ததாக நினைத்தார்கள் என்பதற்கு இந்தப் பக்கங்கள் நேரடிச் சாட்சி.

காப்பிரைட் சண்டையும் இங்கே உண்டு. பிரன்ஃபெல்ஸ் நூலின் பதிப்பாளர் ஷாட், தன் படங்களைப் பிரதி எடுத்ததாக ஃபிராங்க்ஃபர்ட் பதிப்பாளர் எகெனோல்ஃப் மீது 1533-ல் வழக்குப் போட்டார். ஒரு செடியை அது இருக்கிற மாதிரிதானே வரைய முடியும் என்பது எகெனோல்ஃப் தரப்பு வாதம்.

முதல் பதிப்புதான் சிறந்ததா?

அப்படிச் சொல்ல முடியாது. இத்தாலிய மருத்துவர் மத்தியோலியின் புகழ்பெற்ற நூல் 1544-ல் முதலில் வந்தபோது அதில் செடிப் படமே இல்லை. 1554 பதிப்பில் சிறிய படங்கள் வந்தன. பக்கத்தை நிறைக்கும் பெரிய படங்கள் 1562-ல் பிராக் நகரில் வந்த பதிப்பில்தான் வந்தன.

இங்கிலாந்தின் ஜான் ஜெரார்டு 1597-ல் வெளியிட்ட நூலில் சுமார் 1,800 படங்கள். பெரும்பாலானவை ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்து வந்த பழைய கட்டைகளில் அச்சானவை. சில இடங்களில் படம் ஒன்று, விளக்கம் வேறொன்று. ஆனாலும் உருளைக்கிழங்குச் செடியின் படம் முதலில் அச்சில் வந்தது இதில்தான். தாமஸ் ஜான்சன் பிழைகளைத் திருத்தி 1633-ல் கொண்டுவந்த பதிப்பைத்தான் தரமானதாகப் பலர் கருதுகிறார்கள்.

தாளாகப் பிரித்து விற்பது ஏன்?

காரணம் எளிய கணக்குதான். நல்ல நிலையில் உள்ள முழுப் பிரதி பல லட்சம் ரூபாய்க்குப் போகும். சில பக்கங்கள் குறைந்தால் விலை சரிந்துவிடும். அப்படிக் குறைந்த விலைக்கு வாங்கி, நூற்றுக்கணக்கான படங்களைத் தனித்தனியாக விற்றால் லாபம் அதிகம்.

சரி, இதுல நஷ்டம் யாருக்கு? படத்தோடு சேர்ந்த விளக்கம் வேறு வேறு வீட்டுக்குப் போய்விடும். ஓரத்தில் பழைய மருத்துவரோ மருந்துக் கடைக்காரரோ எழுதிவைத்த குறிப்புகள் சிதறிவிடும். பைண்டிங் குப்பைக்குப் போகும். அந்தப் பிரதி எந்தெந்தக் கை மாறி வந்தது என்ற வரலாறு அழிந்துவிடும். பிரித்ததை மறுபடி சேர்க்க வழியே இல்லை.

எல்லாத் தனித் தாள்களும் நேற்று பிரித்தவை அல்ல, எப்போதோ சிதைந்துபோன பிரதிகளில் இருந்து வந்தவையும் உண்டு. ஆனால் கேள்வி கேட்காமல் வாங்கும் ஒவ்வொருவரும், அடுத்த புத்தகத்தைப் பிரிக்கக் காரணமாகிறார்கள் என்பதுதான் சேகரிப்பாளர்களின் கவலை.

வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

* முழுமை: பக்கங்களின் அடியில் ஃபாரம் வரிசையைக் காட்டும் எழுத்துகள் இருக்கும். அவற்றை, நூலகப் பட்டியல்களில் உள்ள விவரத்தோடு ஒப்பிட்டால் எந்தத் தாள் குறைகிறது என்று தெரிந்துவிடும்.

* அச்சு: லென்ஸ் வைத்துப் பாருங்கள். படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனதாகத் தெரிந்தால் அது நவீன மறுஅச்சு. அசலில் மை முழுக் கோடாக இருக்கும். கட்டை அழுந்திய தடம் பல நேரங்களில் பின்பக்கம் தெரியும்.

* வண்ணம்: அந்தக் காலத்திலேயே கையால் வண்ணம் தீட்டிய பிரதிகளுக்கு மதிப்பு அதிகம். அதனால் விலையை ஏற்றப் பிற்காலத்தில் தீட்டியவையும் உலவுகின்றன. பழைய பச்சை நிறத்தில் செம்பு இருப்பதால், பல பிரதிகளில் அந்த இடத்தின் பின்பக்கம் பழுப்பேறியிருக்கும்.

* உரிமை: பிரதி யாரிடம் இருந்து வந்தது என்பதற்கு ஆவணம் கேளுங்கள். நூலக முத்திரையைச் சுரண்டிய தடம் இருந்தால் திருட்டுப் பிரதியாகவும் இருக்கலாம். இத்தாலி போன்ற நாடுகளில் இருந்து பழைய நூல்களை வெளியே கொண்டுவர அரசு அனுமதியும் தேவை.

பணம் இல்லாதவர்கள் பார்க்க முடியாதா?

தாராளமாகப் பார்க்கலாம். 'பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி' இணையதளத்தில் இத்தகைய பழைய தாவர நூல்களை முழுமையாக, இலவசமாகப் புரட்டலாம். சுவரில் மாட்டத்தான் வேண்டுமென்றால், அங்கிருந்து படத்தைப் பதிவிறக்கி நல்ல காகிதத்தில் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். ஃபூக்ஸின் 1543 ஜெர்மன் பதிப்புக்கு, அசலைப் போலவே அச்சிட்ட மறுபதிப்பும் வந்திருக்கிறது.

அசல் தாள்தான் வேண்டும் என்றால், விலை பேசுவதற்கு முன்பு விற்பவரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இதோட மீதிப் புத்தகம் எங்கே?