வாயு அடுப்பும் சமையலறை அலுமாரியும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றில் அடுக்களை தனித்தே நின்றது. கரியேறிய சுவர், விறகு அடுக்கும் மூலை, கூரையை ஒட்டிப் புகை வெளியேறுவதற்கு ஒரு திறப்பு. இவையே அதன் அமைப்பு. புகை மேலெழும் என்பதை அறிந்தே கட்டியவர் திறப்பை உயரத்தில் வைத்தனர்.

இன்று அவ்விடத்திலே வாயு அடுப்பும் அதனைச் சூழ அலுமாரிகளும் வந்துள்ளன. அலுமாரி செய்விக்கும் வீட்டார் பலகையின் நிறம் பற்றியும் கைபிடியின் அழகு பற்றியும் தச்சரோடு நெடுநேரம் பேசுவர். சிலிண்டர் எங்கே நிற்கும் என்ற கேள்வியோ வேலை முடியுந் தறுவாயிலேதான் எழும். எஞ்சிய ஒரு மூலையில், இறுக மூடிய கதவின் பின்னால் அஃது ஒளித்து வைக்கப்படும். முதலிலே தீர்மானிக்க வேண்டியது இவ்வாறு கடைசிக்குத் தள்ளப்படுகிறது.

சமையல் வாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இருவகை வாயுக்களின் கலவை. புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரண்டு மடங்கும் பாரமானவை. ஆதலால் கசியும் வாயு புகையைப்போல் மேலே செல்லாது. தண்ணீரைப்போல் தரையில் இறங்கிப் பள்ளமான இடத்தில் தேங்கும். காற்றிலே நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே அது தீப்பற்றக்கூடியது. இயல்பாக அதற்கு மணமில்லை. கசிவை மூக்கு அறியட்டும் என்றே துர்நாற்றமுள்ள பொருளொன்றைச் சேர்க்கின்றனர். காற்றோட்டமில்லாத அலுமாரிக்குள் அந்த நாற்றமும் அடைபட்டுக் கிடக்கும். கதவைத் திறக்கும்போதுதான் வீட்டார் அதனை அறிவர். அருகிலே அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அறிந்தும் பயனில்லை.

எனவே சிலிண்டரை வீட்டின் வெளிப்புறச் சுவரருகே, நிழலில், சமதரையில், நிமிர்த்தி வைப்பதே சிறந்தது. வடிகானுக்கும் கிணற்றுக்கும் அருகில் வைத்தலாகாது. வெளியே இடமில்லாதோர் அலுமாரிக்குள் வைக்க நேரின், அடுப்புக்கு நேர் கீழே வையாது பக்கத்தில் தனி அறையொன்று ஒதுக்குக. அவ்வறையின் வெளிச்சுவரில், தரைமட்டத்திலேயே ஒரு திறப்பு வேண்டும். பழைய பழக்கத்தினால் மேலே மட்டும் துளையிடுவோர் உளர். அது புகைக்குப் பொருந்தும், வாயுவுக்குப் பொருந்தாது. அவ்வறைக்குள் மின் ஆளியோ செருகியோ இருத்தல் கூடாது. இறப்பர்க் குழாய் பலகையைத் துளைத்துச் செல்லுமிடத்தில் விளிம்பு கூராக இருந்தால், நாளடைவில் குழாய் அறுந்துவிடும். 12.5 கிலோகிராம் வாயு கொண்ட சிலிண்டரைத் தள்ளாடாது வெளியே எடுக்கவும், அதன் வாயை உடனே பூட்டவும், கதவு அகலமாகத் திறத்தல் அவசியம்.

2021ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கையின் பல பாகங்களிலும் வாயு அடுப்புகள் வெடித்தும் தீப்பற்றியும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. வாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டமையே முதன்மையான காரணம் என விசாரணைக் குழு கூறியது. கலவையைத் திருத்துவது வீட்டாரின் கையில் இல்லை. கசிந்த வாயு வெளியேற வழி விடுவது அவர்கள் கையில் உண்டு.

அடுத்தது உயரம். நம் நாட்டில் பெரிதும் வழங்குவது மேடைமேல் வைக்கும் இரட்டை அடுப்பு. அஃது தானே நாலைந்து அங்குல உயரமுடையது. அதன்மேல் ஒரு பெரிய பானையும் ஏறினால், குள்ளமான பெண்ணொருத்தி சோற்றைக் கிளற முழங்கையைத் தோளளவு உயர்த்த நேரிடும். அடுப்பு நிற்கும் பகுதியை மட்டும் அவ்வளவுக்குத் தாழ்த்திக் கட்டினால் இத்துன்பம் இல்லை. சமைப்பவரை நிற்கவைத்து அளவெடுக்கும் தச்சரே நல்ல தச்சர்.

அடுப்புக்கு மேலே பலகை அலுமாரி அமைப்பதாயின் இடையே 30 அங்குலமாவது வெளி விடவேண்டும். அமையாது விடுதல் இன்னும் நன்று. எரியும் அடுப்புக்கு மேலாகக் கைநீட்டித் தூள் போத்தலை எடுக்கும் வழக்கத்தினால் சேலைத் தலைப்பில் தீப்பற்றக்கூடும். தூளும் உப்பும் பக்கத்து அலுமாரியில் இருக்கட்டும்.

2022இல் வாயு கிடையாமல் மக்கள் வரிசைகளில் காத்துநின்ற காலத்தில், பழைய விறகடுப்பை இடித்து அலுமாரி அமைத்திருந்தோர் முற்றத்திலே கல் மூன்று வைத்துச் சமைத்தனர். கொல்லைப்புறத்தில் ஒரு சிறு தாழ்வாரமும் விறகடுப்பும் விட்டு வைத்தவர்கள் மழையிலும் நனையாமல் உலை வைத்தனர்.