ஊர்ப் பணம் – 14: காற்றாலை வாங்கிய ஊராட்சி

தமிழ்நாட்டில் எந்தக் கிராம ஊராட்சி அலுவலகத்தில் விசாரித்தாலும் மூன்று வங்கிக் கணக்குகளைப் பற்றிச் சொல்வார்கள். ஒன்றாம் எண் கணக்கு ஊராட்சியின் பொது நிதி. வீட்டு வரி, தொழில் வரி, கட்டட அனுமதிக் கட்டணம் எல்லாம் அதில் சேரும். மூன்றாம் எண் கணக்கு அரசுத் திட்டங்களுக்கு வரும் பணம். நடுவில் இருக்கும் இரண்டாம் எண் கணக்கு மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்ட வேண்டிய கட்டணத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. தெருவிளக்கும் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் இழுக்கிற பணத்துக்குத் தனிக் கணக்கு தேவைப்படுகிறது என்றால், அந்தச் செலவின் கனத்தைப் புரிந்துகொள்ளலாம்.

குறிப்பிட்ட செலவுக்கென்றே கட்டிப்போட்டுத் தரும் மானியம் (டைட் கிராண்ட்), அப்படிக் கட்டிப்போடாத மானியம் (அன்டைட் கிராண்ட்) விவகாரத்தைப் போன வாரமே பார்த்துவிட்டோம். 15-வது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போடப்பட்டது என்பது நினைவிருந்தால் போதும். இந்த வாரம் கேரளத்தின் மக்கள் திட்டம் என்று அறிவித்திருந்தோம். ஆனால் இரண்டாம் எண் கணக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் ஓடந்துறையைச் சொல்லாமல் நகர முடியாது.

ஓடந்துறை, கோவை மாவட்டம் காரமடை ஒன்றியத்தில் மேட்டுப்பாளையத்தை ஒட்டி, நீலகிரி மலையடிவாரத்தில் இருக்கும் ஊராட்சி. 73-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 1996-ல் தமிழ்நாட்டில் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தலில் ஆர். சண்முகம் தலைவரானார். அவர் பொறுப்பேற்றபோது ஊராட்சியின் மின்கட்டணம் மாதம் இரண்டாயிரம் ரூபாய் அளவில்தான் இருந்தது. குடிநீர்த் திட்டம் வந்தது, தெருவிளக்குகள் கூடின. சில ஆண்டுகளிலேயே அது மாதம் ஐம்பதாயிரத்தைத் தொட்டது. ஊருக்கு நல்லது நடக்க நடக்க ஊராட்சியின் கையிருப்பு கரைந்தது. சிறிய ஊர்களுக்குத் திட்டம் தீட்டுகிறவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இதுதான். தொட்டி கட்டப் பணம் தருவார்கள், திறப்பு விழாவும் நடக்கும். அந்தத் தொட்டியில் வருடக்கணக்காகத் தண்ணீர் ஏற்ற யார் பணம் கொடுப்பது?

ஓடந்துறை முதலில் சிறிய வழிகளைத் தேடியது. சில குக்கிராமங்களில் சூரிய ஒளித் தெருவிளக்குகள் வந்தன. பிறகு மரமில் கழிவை எரித்து வாயுவாக்கி மோட்டார் ஓட்டும் 9 கிலோவாட் இயந்திரம் வந்தது. செலவு குறைந்தது உண்மை. ஆனால் பில் ஒழியவில்லை. அப்போதுதான் காற்றாலை யோசனை பிறந்தது.

மேட்டுப்பாளையம் பக்கம் காற்றாலைக்குப் போதுமான காற்று கிடையாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு அறுபட்டுக் கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அரபிக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மற்ற இடங்களில் மலையில் முட்டி மழையைக் கொட்டிவிட்டு ஓய்கிறது. இங்கே மட்டும் வழி கிடைத்துப் பாய்ந்து வந்து பல்லடம், உடுமலை வட்டாரத்து மேட்டு நிலங்களில் இறங்குகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். கொங்கு நாட்டில் அந்தக் காற்றுக்கு இப்போது யூனிட் கணக்கில் விலை இருக்கிறது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் இதே கதை. முப்பந்தலில் காற்றாலைகள் காடாக நிற்பது அதனால்தான். கணவாய் இல்லாத ஊருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதனால் ஓடந்துறை தன் காற்றாலையைத் தன் எல்லைக்குள் நடவில்லை. சாலை வழியே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளி, உடுமலை அருகே மைவாடியில் நட்டது! 350 கிலோவாட் திறன், விலை ரூ.1.55 கோடி, ஆண்டு 2006. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பியில் சேர்கிறது. இங்கே ஊராட்சி செலவழிக்கும் யூனிட் அதற்கு ஈடாகிறது. மிச்சம் வாரியத்துக்கு விற்பனையாகிறது. நெசவாலைகளும் சிமென்ட் ஆலைகளும் செய்துவந்ததை ஒரு கிராம ஊராட்சி செய்துகாட்டியது. இந்தத் தொடருக்காகத் திரட்டிய தகவல்களில் இதைப் போல மனம் நிறைய வைத்தது வேறொன்றில்லை.

350 கிலோவாட் இயந்திரம் வருடம் முழுக்க, 8,760 மணி நேரமும் முழு வேகத்தில் சுழன்றால் 30 லட்சம் யூனிட்டுக்கு மேல் தரவேண்டும். மைவாடி காற்றாலை தந்தது ஆண்டுக்கு 6.75 லட்சம் யூனிட் அளவு. ஐந்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். காற்று வீசும் மாதங்களில் உழைத்து, மற்ற மாதங்களில் பெரும்பாலும் சும்மா நிற்கிற இயந்திரம் அது. அப்படியிருந்தும் ஊராட்சிக்குத் தேவையான சுமார் 4.5 லட்சம் யூனிட் போக, இரண்டு லட்சத்துக்கு மேல் மிஞ்சியது.

பணம் எங்கிருந்து வந்தது? ரூ.40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. ரூ.1.15 கோடி வங்கிக் கடன். காற்றாலை வருமானத்திலிருந்தே அந்தக் கடன் அடைந்தது. இதில் கவனிக்க வேண்டியது அந்த நாற்பது லட்சம். வீட்டு வரியை ஒழுங்காக வசூலித்து, ஒன்றாம் எண் கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இல்லையென்றால் எந்த வங்கி மேலாளரும் ஊராட்சித் தலைவரை உட்கார வைத்துப் பேசியிருக்க மாட்டார். திட்டத்தோடு சேர்ந்து வரும் பணத்தைக் காட்டிக் கடன் கேட்க முடியாது. அதை அந்தத் திட்டத்துக்கே செலவழித்தாக வேண்டும்.

சொந்தமாக யோசிக்கும் ஊராட்சிக்குப் பாதை எப்போதும் இவ்வளவு சுலபமாக அமைவதில்லை. அதே 1996-ல், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தில் தலைவரானவர் ஆர். இளங்கோ. வேதிப் பொறியியல் படித்து, அறிவியலாளர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வடிகால் கட்டும்போது மதிப்பீட்டில் எழுதியிருந்த கல்லுக்குப் பதிலாக, பக்கத்துத் தொழிற்சாலை ஒதுக்கிய கிரானைட் கழிவைப் பயன்படுத்தினார். செலவு மிச்சமாயிற்று. ஆனால் விதிமீறல் என்று அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். கிராம சபை கூடி அவர் பக்கம் நின்றது, பதவியும் திரும்பக் கிடைத்தது. மிச்சம் பிடித்தவர் விளக்கம் சொல்லவேண்டிய நிலை எந்த ஊருக்கும் வரக்கூடாது.

ஓடந்துறையின் வெற்றியைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வந்தார்கள், பாராட்டினார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கிராம ஊராட்சிகள் உள்ளன. அவற்றில் எத்தனை ஊராட்சிகள் சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கின்றன என்று கேட்டால் பதில் ஓடந்துறையைச் சுற்றியே வருகிறது. காரணம் ஊர்களின் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. உள்ளாட்சி அமைப்பு அரசின் அனுமதியில்லாமல் கடன் வாங்க முடியாது. காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் ஆகாது என்றால் தெருவிளக்கு பல்பு வாங்கும் செலவுகூட நின்றுபோகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2016 அக்டோபர் முதல் 2019 கடைசி வரை தமிழகத்தின் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள், நிதிக்குழு மானியமும் முடங்கியது. 28 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோதும் தனி அலுவலர்களே வந்தார்கள். ஏழெட்டு ஆண்டு கடனை எடுத்துக் கட்டும் துணிவு, ஐந்தாண்டுத் தலைமைகூட உறுதியில்லாத இடத்தில் எப்படி வரும்?

நகரங்களுக்கு வேறு வழி பிறந்தது. 2002-ல் பத்துக்கும் மேற்பட்ட சிறிய நகர உள்ளாட்சிகளின் குடிநீர், சுகாதாரத் தேவைகளை ஒன்றாகச் சேர்த்து, தமிழ்நாடு ரூ.30 கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. தனித்தனியே போனால் சந்தையில் யாரும் கடன் தராத சிறிய ஊர்கள், சேர்ந்து போனதால் பெற்றன. அதே ஏற்பாட்டை ஊராட்சிகளுக்கும் செய்யலாம். ஒரு ஒன்றியத்தின் முப்பது, நாற்பது ஊராட்சிகள் சேர்ந்து ஒரு காற்றாலையோ சூரிய மின் நிலையமோ வைத்துக்கொள்ளத் தடை ஏதும் இருக்கக்கூடாது. அரசு இதைச் செய்தே ஆகவேண்டும்.

கேரளம் 1996-ல் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளின் கையில் கொடுத்த கதை அடுத்த வாரம். அதற்குள் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை கூடும்போது இரண்டே கேள்விகள் கேளுங்கள்: ஒன்றாம் எண் கணக்கில் இப்போது எவ்வளவு இருக்கிறது? போன வருடம் இரண்டாம் எண் கணக்கிலிருந்து மின்வாரியத்துக்கு எவ்வளவு போயிற்று? கிடைக்கும் பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.