கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை

சனிக்கிழமைகளில் லாச்சப்பல் கடைகளுக்குச் சாமான் வாங்க வரும் தாய்மார் சந்தித்துக்கொண்டால், குளிர்காலத்தில் பேச்சு பிள்ளைகளின் தடிமனில்தான் போய் நிற்கும். மூக்கு ஒழுகுகிறது, இரவில் குறட்டை, காதுக்குள் குத்து. "வந்தது போலப் போய்விடும்" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் போய்விடும். ஆனால் சில பிள்ளைகளுக்குத் தடிமன் மாறிய பின்னும் காதுக்குள் நீர் தங்கிவிடுகிறது. அதைப் பற்றியே இம்முறை பார்ப்போம்.

மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. பெரியவர்களுக்கு இது நீளமாகவும் சரிவாகவும் இருக்கும். சிறுபிள்ளைகளுக்கோ கட்டையாகவும் கிட்டத்தட்டக் கிடையாகவும் இருக்கும். அதனால் தடிமனின்போது இலகுவில் அடைபட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குகிறது. கிருமி பெருகினால் காய்ச்சலும் வலியும் வரும். நாமும் வைத்தியரிடம் ஓடுவோம். பசை போன்ற நீர் மட்டும் தங்கினால் பெரும்பாலும் வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இதை இங்குள்ள வைத்தியர்கள் 'ஒத்தித் செரெஸ்' என்பார்கள்.

இந்தப் பிள்ளைக்குக் காது கேட்கும். ஆனால் விரலால் காதைப் பொத்திக்கொண்டு கேட்பது போலக் கேட்கும். கூப்பிட்டால் திரும்பாது. தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டும். சொற்களை அரைகுறையாகச் சொல்லும். வீட்டில் 'சொல்வழி கேளாத பிள்ளை' என்று ஏச்சு வாங்கும்; வகுப்பில் 'கவனமில்லை' என்பார்கள்.

வீட்டில் தமிழ் பேசுவதால்தான் பிள்ளை பின்தங்குகிறது என்று யாராவது சொல்ல, உடனே தமிழை நிறுத்திவிடும் பெற்றோரும் எம்மிடையே உண்டு. இரு மொழி கேட்டு வளர்வது பேச்சுக் குறைபாட்டுக்குக் காரணமல்ல. காது சரியாகக் கேட்காவிட்டால் தமிழும் வராது, பிரெஞ்சும் வராது. தமிழை நிறுத்துமுன் காதைப் பரிசோதிப்போம்.

பிறந்தவுடன் செய்த செவிப் பரிசோதனை சரியாக இருந்தது என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. இந்த நீர் பின்னரே சேர்வது. 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை 'பே.எம்.இ.' எனப்படும் தாய் சேய் நல நிலையத்தில் இலவசமாகக் காட்டலாம். குடும்ப வைத்தியர் தேவையானால் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்புவார்.

பலருக்கு இந்த நீர் 3 மாதங்களுக்குள் தானாகவே வற்றிவிடும். வற்றாமல் கேட்டல் குறைந்தே இருந்தால், செவிப்பறையில் 'யோயோ' என்ற சிறு குழாய் வைப்பார்கள். மூக்கின் பின்னால் சதை வளர்ந்து அடைத்திருந்தால் அதையும் அகற்றுவதுண்டு. யோயோ பெரும்பாலும் சில மாதங்களில் தானாக விழுந்துவிடும். பயப்பட வேண்டியதில்லை.

வீட்டில் நாம் கவனிக்க வேண்டியவை:

காதுக்குள் சூடான எண்ணெய் விடாதீர்கள். செவிப்பறையில் துளை இருந்தால் ஆபத்து. பஞ்சுக் குச்சியாலும் கிண்டாதீர்கள்.

தடிமனுக்கு மூக்கை உப்புநீரால் கழுவுங்கள். பார்மசியில் 'செரும் பிசியோலொஜிக்' என்று கேட்டால் தருவார்கள்.

முன்னர் மிஞ்சிய அன்ரிபயோட்டிக்கைக் கொடுக்காதீர்கள். சாதாரண தடிமனுக்குக் காரணம் வைரசு. அதற்கு அது வேலை செய்யாது.

படுத்தபடி பால் போத்தல் கொடுப்பதையும், பிள்ளை இருக்கும் வீட்டில் புகைப்பதையும் தவிருங்கள்.

காதின் பின்புறம் வீங்கிச் சிவந்தாலோ, 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தாலோ 15ஐ அழையுங்கள். பிள்ளைகளுக்கான அவசர சிகிச்சைப் பிரிவு 19ஆம் வட்டாரத்து ரொபேர் டெப்ரே மருத்துவமனையில் உண்டு.

அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது பிள்ளையின் 'கார்னே த சாந்தே'யை மறக்காமல் எடுத்துச் சென்று, "இவனுக்குக் காது சரியாகக் கேட்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.