நீங்களும் நிருபர் ஆகலாம்!

கல்லூரிப் பத்திரிகைக்குச் செய்தி எழுதுவது எப்படி?

கல்லூரி மாணவர்கள் கதை எழுதுகிறார்கள். கவிதை எழுதுகிறார்கள். செய்தி எழுதச் சொன்னால் மட்டும் தயங்குகிறார்கள். "எங்கள் ஊரில் என்ன செய்தி இருக்கிறது?" என்று கேட்கிறார்கள்.

தென்காசியிலும் குற்றாலத்திலும் படிக்கிறவர்கள் அப்படிக் கேட்கலாமா? அங்கே செய்தி மலையில் இருந்து அல்லவா கொட்டுகிறது!

80 பிரதிகள்

மாணவர்களால் பத்திரிகை நடத்த முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

முத்துசாமி அய்யர் சென்னை ஐகோர்ட்டு நீதிபதியாக நியமிக்கப்பட்டார். ஆங்கிலேயர்களின் பத்திரிகைகள் அதைக் குறை கூறின. பதில் சொல்ல நம்மவர்களுக்குப் பத்திரிகை இல்லை.

திருவல்லிக்கேணியைச் சேர்ந்த 6 இளைஞர்கள் கூடினார்கள். இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்ட மாணவர்கள். ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டார்கள். 1878 செப்டம்பர் 20-ந் தேதி வெளிவந்த அந்த வார இதழ்தான் "இந்து"!

அறுவரில் ஒருவரான ஜி.சுப்பிரமணிய அய்யர் 1882-ல் "சுதேசமித்திரன்" பத்திரிகையைத் தொடங்கினார். 1904-ல் ஓர் இளைஞரை உதவி ஆசிரியராகச் சேர்த்துக் கொண்டார். அந்த இளைஞருக்கு அப்போது 22 வயது நிறையவில்லை. ஆங்கிலத்தில் வந்த செய்திகளைத் தமிழில் எழுதுவது அவருடைய வேலை. அவர்தான் பாரதியார்!

பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊர், தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள கடையம். 1918 முதல் 1920 வரை பாரதியார் அங்கே வாழ்ந்தார். பிறகு மீண்டும் "சுதேசமித்திரன்" வேலைக்கே போனார்.

தடை உண்டா, இல்லையா?

குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை சீசன். தென்மேற்குப் பருவக்காற்று வீசும். சாரல் விழும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றால அருவி எல்லாவற்றிலும் கூட்டம் நெரியும். எண்ணெய் தேய்த்து விடுகிறவர், பழம் விற்கிறவர், விடுதி நடத்துகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர் - எல்லோருக்கும் அந்த மூன்று மாதச் சம்பாத்தியம்தான் பெரிது.

"அருவியில் குளிக்கத் தடை" என்று யாரோ ஒருவர் செல்போனில் பொய்யாக ஒரு வரி அனுப்பினால் என்ன ஆகும்? வருகிற வேன்கள் பாதி வழியில் திரும்பி விடும். கடைக்காரர் வீட்டில் அன்று உலை கொதிக்காது.

உண்மையிலேயே வெள்ளம் வரும்போது செய்தி பரவாவிட்டால்? அது உயிருக்கே ஆபத்து. 2024 மே 17-ந் தேதி, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. மலையில் பெய்த மழை கீழே நிற்பவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு மாணவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

ஒரு வரிச் செய்திக்கு இவ்வளவு பலம் உண்டு. ஆகவே, காதில் விழுந்ததை அப்படியே எழுதாதீர்கள். அருவிக்கு நேரே போங்கள். காவலுக்கு நிற்கும் போலீசாரைக் கேளுங்கள். பேரூராட்சி அலுவலகத்திலும் கேளுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பதில் வந்த பிறகு எழுதுங்கள்.

ஆறு கேள்விகள்

யார்? என்ன? எங்கே? எப்போது? ஏன்? எப்படி? - இந்த ஆறுக்கும் பதில் இருந்தால் அது செய்தி. முக்கியமான பதில் முதல் வரியில் வர வேண்டும்.

"இயற்கை அன்னை வெள்ளிப் பட்டாடை உடுத்திச் சிரிக்கும் குற்றாலத்திலே..." என்று தொடங்காதீர்கள். "ஐந்தருவியில் குளிக்க நேற்று மாலை 4 மணிக்குத் தடை விதிக்கப்பட்டது" என்று தொடங்குங்கள். வாசகருக்கு வேண்டியது அதுதான். சிறு வாக்கியமாக எழுதுங்கள். வீட்டில் உள்ள பாட்டியிடம் வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியாத சொல்லை அடித்து விடுங்கள்.

10 ரூபாய் போதும்

கல்லூரிக்கு வரும் பஸ் ஏன் நின்று விட்டது? விடுதிக் குடிநீர்த் தொட்டி ஏன் பாதியில் நிற்கிறது? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அதிகாரிகள் வாய் திறக்கவில்லையா? கவலை வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்திருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்துடன் மனுச் செய்யுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். கேள்வியைத் தெளிவாகக் கேட்பதும் நிருபருக்கு ஒரு பயிற்சிதான்.

குறை சொல்லப்படுகிறவரிடமும் விளக்கம் கேளுங்கள். அவர் பதிலையும் சேர்த்து அச்சிடுங்கள். பேராசிரியராக இருந்தாலும், கேண்டீன்காரராக இருந்தாலும் இதுதான் முறை.

எழுதக் கூடாத பெயர்

எல்லாப் பெயரையும் எழுதி விடவும் கூடாது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், வீடு, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டம் அதைத் தடுக்கிறது. கல்லூரிப் பத்திரிகைக்கும் இந்தச் சட்டம் உண்டு.

பெரிய பத்திரிகையின் நிருபர் செய்தி எழுதிவிட்டு வேறு ஊருக்குப் போய் விடலாம். கல்லூரி நிருபர் போக முடியாது. யாரைப் பற்றி எழுதினாரோ, அவரை மறுநாள் காலையிலேயே பஸ்சில் பார்க்க வேண்டும். அப்போது அவர் முகத்தை நேராகப் பார்க்க முடிகிறதா? முடிந்தால், நீங்கள் நல்ல நிருபர்!